விதைத்துப் பார்த்தீர்களா, மிஸ்?

வகுப்பறை அலமாரியில் ஒரு சின்னத் தகர டப்பா வைத்திருக்கிறேன். உள்ளே கொஞ்சம் பஞ்சு, பஞ்சின் மேல் ஒரே ஒரு கொட்டை. மாங்கொட்டை போலத் தட்டையாக இருக்காது. உருண்டையாக, சொரசொரப்பாக, கையில் எடுத்தால் கூழாங்கல் மாதிரி கனக்கும். தம்பலாகோக் என்று நாங்கள் சொல்கிற மரத்தின் கொட்டை அது. என் சித்தப்பா வனத்துறையில் வேலை பார்த்தவர், ஓய்வு பெற்ற வருடம் "உன் பிள்ளைகளுக்குக் காட்டு" என்று கொடுத்துவிட்டுப் போனார். நான் தமிழ் டீச்சர், அறிவியல் என் பாடம் இல்லை. ஆனால் டோடோவைத் தெரியாத பிள்ளை மொரீசியஸில் கிடையாது, நாட்டுச் சின்னத்திலேயே அது நிற்கிறது. வீட்டில் கிரியோல் பேசிவிட்டு வாரத்தில் சில மணி நேரம் மட்டும் தமிழுக்குள் வருகிற பிள்ளைகளுக்கு, தெரிந்த பறவையை வைத்துத் தெரியாத வாக்கியத்தைச் சொல்லிக்கொடுப்பது சுலபம்.

அதனால் நானே ஒரு பாடம் எழுதினேன். "டோடோ பழம் தின்றது. கொட்டை வெளியே வந்தது. கொட்டை முளைத்தது. டோடோ அழிந்தது. இப்போது கொட்டை முளைக்கவில்லை." எதிர்மறை வினை சொல்லித்தர இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. ஐந்து வாக்கியத்தில் ஒரு பறவையும் ஒரு மரமும் சேர்ந்து சாகும். கடைசி வரியைப் படித்துவிட்டு டப்பாவைத் திறந்து காட்டும்போது வகுப்பே அமைதியாகிவிடும். ஒரு பையன் ஒருமுறை அழுதேவிட்டான்.

எந்த வருடம் என்று சரியாக நினைவில்லை, பதினைந்து வருடமாவது இருக்கும். டப்பா கை மாறிக் கை மாறிக் கடைசி பெஞ்சுக்குப் போனது. அங்கே ஒரு பெண், அதிகம் பேசாதவள், கொட்டையைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கேட்டாள்: "ஊ ஃபின் ப்லாந்த் லி, மிஸ்?" வகுப்பில் தமிழில்தான் கேட்க வேண்டும் என்பது என் விதி, அதனால் மறுபடி கேட்கச் சொன்னேன். கொஞ்சம் யோசித்து, சொற்களை ஒவ்வொன்றாகக் கோத்துச் சொன்னாள்: "நீங்கள் விதைத்துப் பார்த்தீர்களா, மிஸ்?" வாக்கியம் சரியாக இருந்தது. பாராட்டினேன். அப்புறம், "அது முளைக்காதும்மா, அதுதானே கதை" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அவள் உட்கார்ந்தாள். ஆனால் டப்பாவை உடனே திருப்பித் தரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் தைப்பூசக் காவடி அன்று கோர் தெ கார்த் மலையடிவாரத்து முருகன் கோயிலில் அவளைப் பார்த்தேன். வெயிலில் பால் சொம்போடு நின்றிருந்த அவள் அம்மாதான் என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டார். "மிஸ், நான் இப்போது காட்டில்தான் வேலை செய்கிறேன், தம்பலாகோக் இருக்கிற காடு" என்றாள் அவள். பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. அந்தப் பாடத்தை இன்னும் நடத்துகிறீர்களா என்று கேட்டாள். நடத்துகிறேன் என்றேன். அவள் முகத்தில் ஏளனம் இல்லை, கோபமும் இல்லை. சொல்லவா வேண்டாமா என்ற தயக்கம் இருந்தது. "மிஸ், அது முளைக்கும்" என்றாள்.

பதினேழு கொட்டைகள்

அவள் அனுப்பிய கட்டுரைகளைக் குளிர்கால விடுமுறை முழுக்க வைத்துப் படித்தேன். சில பக்கங்களை மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது. நான் சொல்லி வந்த கதை பாட்டி கதை இல்லை, 1977இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்கப் பறவையியலாளர், இங்கே வந்து எங்கள் அரிய பறவைகளுக்காக வேலை செய்தவர், எழுதியது. அவர் கணக்கில் 1973இல் 13 தம்பலாகோக் மரங்களே எஞ்சியிருந்தன, எல்லாம் 300 வயதைத் தாண்டியவை. டோடோ அழிந்ததும் ஏறத்தாழ 300 வருடத்துக்கு முன். அப்படியென்றால் டோடோவின் வயிற்றில் அரைபட்டு ஓடு தேய்ந்தால்தான் அந்தக் கொட்டை முளைத்திருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். டோடோவுக்குப் பதிலாக வான்கோழிகளுக்கு 17 கொட்டைகளை வலுக்கட்டாயமாக ஊட்டினார். 7 நொறுங்கிப் போயின. மீதி 10ஐ மண்ணில் போட்டார், 3 முளைத்தன.

மூன்று கொட்டை முளைத்ததே, அப்புறம் என்ன என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. இரண்டாம் முறை படிக்கும்போதுதான் உறைத்தது. எந்த வான்கோழியும் தின்னாத கொட்டைகளை அவர் பக்கத்திலேயே விதைத்துப் பார்க்கவில்லை. ஊட்டாத கொட்டையும் அதே அளவு முளைத்திருந்தால் வான்கோழிக்கு அங்கே வேலையே இல்லை. என் வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து பத்து வயதுப் பெண் கேட்டது அதைத்தான், வார்த்தைக்கு வார்த்தை. அந்த இடத்தில் கட்டுரையை மூடி வைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நடந்தேன்.

பதில் அப்போதே வந்துவிட்டது என்பதுதான் இன்னும் வருத்தம். 1979இல் அதே இதழில் மொரீசியஸ் வனத்துறையைச் சேர்ந்த ஓவாடாலி மறுத்து எழுதினார். எந்தப் பறவையும் தின்னாமலே எங்கள் நாற்றங்காலில் முளைத்திருக்கிறது, வயது குறைந்த மரங்களும் காட்டில் இருக்கின்றன, அது மேட்டுநிலத்து ஈரக்காட்டு மரம் என்றெல்லாம் சொன்னார். அந்தக் கொட்டையில் வளையமாக ஒரு கோடு ஓடுகிறது. உள்ளே இருக்கும் முளை வீங்கும்போது அந்தக் கோட்டின் வழியே பிளந்து, ஒரு பகுதி மூடி கழன்றது போல விலகும். இதை 1941லேயே ஆர்தர் ஹில் என்ற தாவரவியலாளர் விவரித்திருக்கிறார். என் டப்பாவில் இருப்பதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கோடு இருந்தது. இத்தனை வருடம் என் கையிலேயே இருந்த கோடு. 1991இல் விட்மர், சீக் என்ற இருவர் எல்லாவற்றையும் சேர்த்து அலசினார்கள்: மரங்கள் 13 இல்லை, அதைவிடப் பல மடங்கு; அவற்றின் தண்டில் வருட வளையம் தெளிவாக விழுவதில்லை, எனவே 300 வயது என்பதும் ஊகம். டோடோ அந்தப் பழத்தைத் தின்றிருக்கலாம், ஆமையும் பெரிய கிளிகளும் வௌவாலும்கூடத் தின்றிருக்கலாம். ஆனால் டோடோ இல்லாமல் முளைக்காது என்பது நிற்கவில்லை.

வனத்துறைக்காரர் எழுதிய மறுப்பு இந்தத் தீவிலேயே எங்களைப் போன்றவர்களுக்கு எட்டவில்லை. வெளியிலிருந்து வந்தவர் சொன்ன கதை எங்கள் பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டது. என் சித்தப்பா நாற்றங்காலில் வேலை பார்த்தவர் இல்லை, வேலி போடுகிற பிரிவில் இருந்தவர், ஆனாலும் கேட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை. அவர் இப்போது இல்லை.

இலுப்பையின் சொந்தம்

ஒரு விஷயம் தமிழில் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். இந்தத் தீவின் காட்டுக்குள் நுழைந்தால் அந்நியம் என்று நினைக்கிற மரங்கள் பலவும் நமக்குச் சொந்தக்காரர்கள். தம்பலாகோக், இலுப்பையும் சப்போட்டாவும் இருக்கிற குடும்பத்து மரம். மகிழ மரத்தின் பேரினத்தைச் சேர்ந்த மரங்கள் இங்கே உண்டு. நம் ஊர்க்காரர்கள் இப்போது மாலை கோத்துப் போட்டுக்கொள்கிற கருங்காலியின் பேரினம் இங்கே தனித்தனி இனங்களாகக் கிளைத்திருக்கிறது, டச்சுக்காரர்கள் இந்தத் தீவில் வெட்டி ஏற்றுமதி செய்ததே அந்தக் கட்டைக்காகத்தான். கருங்குங்கிலியத்தின் உறவான கொலோஃபான் மரத்தில் கீறினால் அதே மாதிரி பிசின் மணக்கும். பூக்கும் தாவரங்களில் இத்தீவில் இயற்கையாகவே வளர்பவை கிட்டத்தட்ட 690 இனங்கள், அதில் நூற்றுக்கு நாற்பது பங்கு உலகில் வேறெங்கும் இல்லை. இத்தனையும் 1,865 சதுர கிலோமீட்டருக்குள். சொந்தக்காடு மிச்சமிருப்பது நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை.

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். இங்கே ஒரு காலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் இருந்தன. அந்த ஆலைகளுக்குக் கரும்பு வேண்டும், கரும்புக்கு நிலம் வேண்டும், நிலத்தில் காடு நின்றது. வெட்டச் சொன்னவர்கள் தோட்ட முதலாளிகள். அந்த நிலத்தில் கல் பொறுக்கிக் குவித்துக் கரும்பு நட்டவர்களில் என் பாட்டனும் அவர் அப்பனும் உண்டு. அவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அவர்களுக்கு வேறு வழி வைக்கப்படவில்லை. ஆனால் டோடோ கதையைச் சொல்லும்போது இந்தப் பகுதி முழுக்க விட்டுப்போகிறது. 1598இல் கப்பலில் வந்து இறங்கிய டச்சுக்காரர்கள்மேல் பழியைப் போட்டுவிட்டு, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. நான் அதைத்தான் செய்து வந்தேன்.

வேலிக்கு இரண்டு பக்கம்

போன ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை அவள் என்னைக் காட்டுக்கு அழைத்துப் போனாள். தேசியப் பூங்காவின் ஓரம் பெத்ரினில் வண்டியை நிறுத்திவிட்டு மாக்காபே காட்டுப் பாதையில் நடந்தோம். தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. இந்தப் பாதை எனக்குப் புதிது இல்லை. சின்ன வயதில் ஒவ்வொரு குளிர்காலமும் அப்பா எங்களை இங்கேதான் கூட்டி வருவார், சீனக் கொய்யா பறிக்க. கிரியோலில் கொயாவ் தெ ஷின் என்போம். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய சிவப்புப் பழம். அம்மா வீட்டிலிருந்தே உப்பும் மிளகாயும் இடித்துப் பொட்டலம் கட்டி எடுத்து வருவார். புளிப்பும் காரமுமாகக் கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டுவிட்டு, வாளி நிறைய வீட்டுக்கும் எடுத்துப் போவோம். மொரீசியஸில் பிறந்த யாரைக் கேட்டாலும் இந்த நினைவு இருக்கும், எந்த மதம், எந்த மொழி என்றெல்லாம் இல்லை. காடு என்றால் எனக்கு அந்தப் புதர்தான். வழவழப்பான செம்பழுப்புத் தண்டு, மினுக்கும் இலை, பழ வாசனை.

ப்ரீஸ் ஃபேர் பக்கம் ஒரு கம்பி வேலி வந்தது. மானும் காட்டுப்பன்றியும் நுழையாதபடி போட்டது. இரண்டுமே மனிதர்கள் கொண்டுவந்து விட்டவை, மான் 1639இல் ஜாவாவிலிருந்து வந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்ற இடத்தில் சீனக் கொய்யா. ஒன்றுக்கொன்று இடைவெளி இல்லாமல் குச்சி நட்டது போல நின்றன, கையை உள்ளே விட்டால் முழங்கைக்கு மேல் போகாது. கீழே தரையில் வேறு எதுவும் இல்லை, கொய்யா நாற்றும் கொய்யா இலையும்தான். பெரிய மரங்கள் அங்கங்கே தலைக்குமேல் நின்றன. அவற்றின் பிள்ளை என்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தமிழ்நாட்டில் சீமைக் கருவேலம் பிடித்த ஏரியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

"இப்போது உள்ளே வாங்க, மிஸ்" என்று கதவைத் திறந்தாள். பல வருடமாகக் களை எடுத்துப் பராமரிக்கிற பகுதி அது. பத்தடி தூரம்தான் வித்தியாசம். உள்ளே வெளிச்சம் வேறு மாதிரி இருந்தது. தரையில் விதவிதமான இலைகள், ஒன்று நீளம், ஒன்று வட்டம், ஒன்றுக்கு நடுநரம்பு சிவப்பு. முழங்கால் உயரக் கன்றுகள், இடுப்பு உயரக் கன்றுகள். ஒவ்வொன்றின் பெயரையும் அவள் சொல்லிக்கொண்டே போனாள். உட்கார்ந்து கையை வைத்துப் பார்த்தேன், ஒரு கைப்பிடி இடத்துக்குள் நான்கு வெவ்வேறு நாற்று. இதே மண், இதே மழை, டோடோ வேலிக்கு இரண்டு பக்கத்திலும் இல்லை. எனக்கு அங்கே பேச்சு வரவில்லை.

திரும்பத் திரும்ப மனதில் ஓடியது என் பாடத்தின் கடைசிச் சொல்தான். முளைக்கவில்லை என்று எழுதியிருந்தேன். முளைக்க விடவில்லை என்று எழுதியிருக்க வேண்டும். இலக்கணம் நடத்துகிறவளுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்கக் கூடாது. முளைக்கவில்லை என்றால் குறை கொட்டையுடையது. விடவில்லை என்றதும் யார் என்ற கேள்வி உடனே வந்து நிற்கும், எழுவாய் இல்லாமல் அந்த வாக்கியம் முடியாது. அந்தக் காட்டில் எழுவாய்கள் நிறைய. கொய்யா விடவில்லை, பன்றி விடவில்லை, எலி விடவில்லை. குரங்கு, அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான், பழம் பழுப்பதற்கு முன்பே காயிலேயே பறித்துக் கடித்துப் போடுகிறது. பறிக்க வாளியோடு வந்த நாங்களும், அந்தப் புதரையே காடு என்று நம்பிப் பிள்ளைகளுக்குச் சொன்ன நானும் அந்த வரிசையில் எங்கேயோ இருக்கிறோம்.

அவளிடம் கேட்டேன், இதையெல்லாம் யார் முதலில் எண்ணியது என்று. 1930களில் வான், வியே என்ற இருவர் இந்த மாக்காபே காட்டில் ஒரு துண்டு நிலத்தை அளந்து, அதில் நின்ற ஒவ்வொரு மரத்தையும் எண்ணி எழுதி வைத்தார்களாம். எந்த இனம், எத்தனை, எவ்வளவு தடிமன். வியே பிற்பாடு மொரீசியஸ் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். அவர்கள் போன பிறகு கிட்டத்தட்ட எழுபது வருடம் கழித்து, வின்சென்ட் ஃப்ளோரன்ஸ், க்ளாடியா பெய்டர் போன்றவர்கள் பழைய எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு திரும்ப எண்ணினார்கள். சொந்த மரங்கள் குறைந்துபோயிருந்தன, யாரும் வெட்டாமலே, தேசியப் பூங்காவுக்குள்ளேயே. இதே இருவர் 2006இல் தம்பலாகோக்கைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள்: இந்த மரம் குறைவது அழிந்துபோன பறவையின் உறவு அறுந்ததாலா, இல்லை புதிதாக வந்தவர்களோடு ஏற்பட்ட உறவாலா என்று. களை எடுத்த பகுதியில் சொந்த மரங்கள் கூடுதலாகப் பூக்கின்றன, காய்க்கின்றன என்பதை அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. வண்ணத்துப்பூச்சிகள் திரும்பி வந்தன. இனி இல்லை என்று நினைத்திருந்த செடிகள்கூடக் களை எடுத்த இடத்தில் மறுபடி கண்ணில் பட்டன.

இந்த வேலையின் பொறுமையை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஒரு மாணவி மழையில் குந்தி உட்கார்ந்து ஒரு சதுர மீட்டருக்குள் எத்தனை நாற்று என்று எண்ணுகிறாள். அடுத்த வருடம் அதே இடத்துக்கு வந்து மறுபடி எண்ணுகிறாள். பேப்பரில் தலைப்புச் செய்தியாக வராது, வான்கோழிக்குக் கொட்டை ஊட்டிய கதை மாதிரி யாரும் சொல்லிச் சொல்லிப் பரப்ப மாட்டார்கள். ஆனால் நாளை ஒருவர் வந்து காடு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னால், இல்லை என்று காட்டுவதற்கு அந்த எண்ணிக்கை மட்டும்தான் நம் கையில் இருக்கும்.

அழிந்ததற்குப் பதில் வேறொன்றை வைத்துப் பார்ப்பதும் இப்போது ஒழுங்காக நடக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். மாஹேபூருக்கு எதிரே கடலில் இருக்கிற ஈல் ஓ ஸெக்ரெட், 26 ஹெக்டேர்தான் இருக்கும் தீவு. இங்கே இருந்த ராட்சத ஆமைகள் அழிந்துபோனதால் சேஷெல்ஸ் நாட்டு அல்டாப்ராத் தீவிலிருந்து வந்த ஆமைகளை 2000இலிருந்து அங்கே விட்டார்கள். அவை கீழே விழுந்த கருங்காலிப் பழத்தைத் தின்று, தாய் மரத்திலிருந்து தள்ளிப் போய்க் கொட்டையைப் போட்டன. இந்த முறை ஆராய்ச்சியாளர்கள் ஆமை வயிற்றுக்குள் போய்வந்த கொட்டையையும் போகாத கொட்டையையும் இரண்டையும் விதைத்துப் பார்த்தார்கள். போய்வந்தது நன்றாக முளைத்தது. அதை 2011இல் எழுதினார்கள். டெம்பிள் நினைத்தது அடியோடு தவறு இல்லை, விலங்கும் மரமும் ஒன்றையொன்று நம்பித்தான் இருக்கின்றன. எது எதை எவ்வளவு நம்பி இருக்கிறது என்று விதைத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

அப்பாவின் லிச்சி மரம்

காட்டிலிருந்து இறங்கும்போது அவள் சொன்ன ஒன்று எனக்கு வீட்டில் சண்டையாக வந்து முடிந்தது. களை எடுத்த பகுதியில் வௌவால்கள் கூடுதலாக வந்து மேய்கின்றன, 2020இல் அதைப் பற்றி ஓர் ஆய்வு வந்திருக்கிறது என்றாள். சொந்த மரம் காய்த்தால் வௌவால் காட்டில் தின்னும். கொய்யா மூடி, சொந்த மரம் காய்க்காமல் போனால் அது எங்கே போகும்?

எங்கள் வீட்டுக்குத்தான் வரும். எங்கள் வாசலில் அப்பா நட்ட லிச்சி மரம் நிற்கிறது, நவம்பர் கடைசியில் சிவக்கத் தொடங்கும். அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. இரவெல்லாம் தகர டின்னைத் தட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். காலையில் தரை முழுக்கக் கடித்துப் போட்ட பழம் கிடக்கும். அவர் கோபம் பொய்யில்லை. வருடத்துக்கு ஒரு முறை வருகிற பழம், பேரப்பிள்ளைகள் வருவதற்குள் போய்விடும். லிச்சி விற்றுப் பிழைக்கிறவர்களுக்கு அந்தக் கோபம் இன்னும் அதிகம். 2015இலும் 2016இலும் 2018இலும் அரசாங்கமே வௌவால்களைச் சுட ஏற்பாடு செய்தது, பல பத்தாயிரம் செத்தன. இந்த வௌவால் வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும். 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலுக்கு ஏற்றியது. இங்கே இதன் தம்பி மாதிரி சின்ன வௌவால் இனம் ஒன்றும் இருந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே போய்விட்டது. கிளி, ஆமை, டோடோ என்று பெரிய பழம் தின்கிறவை எல்லாம் போன பிறகு, கொட்டையைத் தூக்கிக்கொண்டு பறக்க இந்தத் தீவில் மிச்சமிருக்கிற பெரிய உயிர் அனேகமாக இது ஒன்றுதான்.

இதை அப்பாவிடம் சொன்னேன். சொன்ன விதம் சரியில்லை, டீச்சர் மாதிரி சொல்லிவிட்டேன். "சோவ்சூரிக்கு வக்கீல் வேலை பார்க்கிறியா? உன் காட்டுக்கு அனுப்பு அத" என்று, வௌவாலைக் கிரியோலில் சொல்லி, எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது அவராகவே கேட்டார், அந்தப் பொண்ணு எந்தப் பக்கம் கூட்டிப் போச்சு என்று. ப்ரீஸ் ஃபேர் என்றேன். "அங்க முன்னெல்லாம் கொயாவ் கிடையாது. நான் சின்னப் பையனா இருந்தப்ப ரோட்டோரமாத்தான் பறிப்போம். உள்ள போகப் போக இருட்டா, பெரிய மரமா இருக்கும், பயமா இருக்கும்" என்றார். இத்தனை வருடத்தில் இதை அவர் சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை. அன்று இரவு அவர் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி அவளுக்கு அனுப்பினேன். மறுவாரமே அவள் வரைபடத்தோடு வீட்டுக்கு வந்து, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா, இந்த ஓடைக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?" என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டாள்.

வலை பற்றிப் பேச்சை எடுத்தது அவள் இல்லை, நானும் இல்லை. மரத்தை மூடி வலை போட்டால் வௌவால் தின்பது வெகுவாகக் குறையும் என்று எல்லோருக்கும் தெரியும். விலையும் வேலையும்தான் தடுத்துக்கொண்டிருந்தன, அரசாங்கம் மானியம் கொடுத்தும் பலர் போடுவதில்லை. நவம்பர் முதல் வாரத்தில் அப்பாவே பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு, ஏணி வைத்து, மரத்தின் கீழ்ப்பாதிக்கு வலை கட்டச் சொன்னார். தளர்வாகக் கட்டினால் வௌவால் சிக்கிச் செத்துவிடும், இழுத்துக் கட்ட வேண்டும் என்று மட்டும் நான் சொன்னேன். உச்சிக்கு ஏணி எட்டவில்லை. எட்டாதது அப்படியே இருக்கட்டும் என்றார்.

பாடத்தை இந்த வருடம் மாற்றிவிட்டேன். ஐந்து வாக்கியத்தில் இப்போது அடங்கவில்லை, இரண்டு பக்கம் ஆகிவிட்டது, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. யாரும் அழவில்லை. டப்பாவைச் சுற்றி விட்டேன். என் கொட்டை இத்தனை வருடம் பஞ்சில் காய்ந்துபோனது, உள்ளே உயிர் இருக்க வாய்ப்பில்லை என்று அவள் சொல்லியிருந்தாள், அதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். ஒரு பையன் அந்தக் கோட்டை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "எதற்கும் ஒரு தொட்டியில் போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டான். ஜன்னலுக்குக் கீழே மண் நிறைத்த தொட்டி ஒன்று இப்போது இருக்கிறது. தண்ணீர் ஊற்றுகிற முறை யாருக்கு எந்தக் கிழமை என்று கரும்பலகை ஓரத்தில் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், தமிழில், இரண்டு எழுத்துப்பிழையோடு.